நான்கு நாள் போன் இல்லை: நீங்கள் கடைசியாக யாரிடம் வழி கேட்டீர்கள்?

மஞ்சை மைதானம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூரில் இருந்து வந்திருந்த சித்தப்பா மகனைக் கூட்டிக்கொண்டு நோணாங்குப்பம் படகு குழாமுக்குப் போயிருந்தேன். படகு நடு ஆற்றில் இருக்கும்போது ஆபீஸ் குரூப்பில் டிங் என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம், அதுவும் பகல் பதினொன்றரை மணிக்கு. முகம் சுளித்து முடிப்பதற்குள் படகு ஒரு ஆட்டு ஆட்டியது, போன் சுண்ணாம்பாற்றுக்குள் போய்விட்டது. ரோஜாப்பூ வெளிச்சம் இரண்டு வினாடி தண்ணீருக்கு அடியில் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. படகோட்டி அண்ணன், "இந்த மாசத்துல இது மூணாவது சார்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா பெருமைக்குச் சொன்னாரா தெரியவில்லை.

வீட்டில் மனைவியும் பையனும் சிதம்பரத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். தம்பி போனில் இருந்து அவளுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவனிடமே 500 ரூபாய் வாங்கிக்கொண்டு சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டேன். அவள் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. பதினேழு வருடமாகக் குடும்பம் நடத்துகிறவளின் நம்பரில் எனக்குத் தெரிந்தது கடைசி நான்கு எண்தான் என்பது ராத்திரி பக்கத்து வீட்டுப் போனைக் கையில் வாங்கிய பிறகுதான் உறைத்தது. ஆனால் 1994இல் தாத்தா வீட்டில் இருந்த லேண்ட்லைன் நம்பர் மட்டும் 04142 சேர்த்து அப்படியே நிற்கிறது. அந்த வீடே இப்போது இல்லை.

திங்கட்கிழமை ஏடிஎம்முக்குப் போனேன். கார்டு காலாவதியாகி ஒன்றரை வருடம். புதுக் கார்டு கவர் பிரிக்காமல் பீரோவில் இருந்தது, அதை எடுத்துக்கொண்டு போனால் பின் நம்பர் போட வேண்டுமாம், அதற்கு ஓடிபி வேண்டுமாம், ஓடிபி வர போன் வேண்டுமாம். போன் வாங்கப் பணம் வேண்டும் என்பதால்தான் ஐயா ஏடிஎம்முக்கே வந்தேன். சரி என்று பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் சலான் எழுதிக் கொடுத்தால், கையெழுத்து ஒத்துப்போகவில்லை. கடைசியாக எதில் கையெழுத்துப் போட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், பையன் ரேங்க் கார்டில்தான். அதுவும் அவசரத்தில் போட்ட கிறுக்கல். கவுன்டரில் இருந்த அம்மா பொறுமையாக, "பழைய மாதிரி நிதானமா போடுங்க சார்" என்று மூன்று முறை போட வைத்துப் பணம் கொடுத்தார். சிம் அன்றைக்கே ஆதார் காட்டி வாங்கியாச்சு. ஆனால் சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, திருட்டைத் தடுக்க அப்படி ஒரு விதி. நல்ல விதிதான், நாம் மாட்டாதவரைக்கும். போன் வாங்கி எல்லாம் ஓட ஆரம்பித்தபோது புதன் ராத்திரி.

இதெல்லாம் புலம்பல். நான் சொல்ல வந்தது செவ்வாய்க்கிழமை நடந்தது.

நான் பாண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், தினம் கடலூர் பஸ். செவ்வாய் மதியம் லாஸ்பேட்டையில் ஒருவர் வீட்டுக்குப் போய் ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். தெருப் பெயர் இருக்கிறது, வீட்டு எண் இருக்கிறது, மேப் இல்லை. மதியம் ஒன்றரை மணி. பாண்டியில் அந்த நேரத்துக்குப் பாதிக் கடைக்கு ஷட்டர் இறங்கியிருக்கும். முதலில் ஒரு ஆளைக் கேட்டேன், காதில் இருந்ததைக் கழற்றாமலே கையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்து ஸ்கூட்டியை நிறுத்தியிருந்த ஒரு பெண், கல்லூரிப் பிள்ளை மாதிரி இருந்தாள், ரொம்ப நல்ல பிள்ளை, நான் தெருப் பெயரைச் சொன்னதும் தன் போனை எடுத்து மேப்பில் தட்டி, "அங்கிள், 450 மீட்டர், லெஃப்ட்" என்றாள். எந்த ஊர்ம்மா என்று கேட்டேன். இந்தத் தெருதான் அங்கிள் என்றாள். அடுத்த தெருவை அவள் மேப்பில் பார்த்துச் சொல்கிறாள்!

கடைசியில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர் சொன்னார். மாதா கோயிலைத் தாண்டு, தண்ணீர்த் தொட்டி வரும், நீலக் கேட் போட்ட வீட்டை விட்டுவிடு, அதற்கடுத்தது. சொல்லி முடித்ததும் அவர் முறை. யாரைப் பார்க்கணும்? எங்கேருந்து வர்றீங்க? கடலூர்ல எங்க, மஞ்சக்குப்பமா, என் மச்சான் செம்மண்டலத்துல இருக்கான். அந்த வீட்டு அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாங்களே, வந்துட்டாங்களாமா, பார்த்தா நான் விசாரிச்சதாச் சொல்லுங்க. இருபது வயதில் இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஒரு கேள்வி கேட்டால் மூன்று கேள்வி திரும்பி வரும். அன்றைக்கு என்னவோ நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். மணி என்ன என்று கடைசியாக யாரைக் கேட்டேன்? பஸ் போயிடுச்சா என்று? உங்க வீட்டில் தண்ணி வந்ததா என்று? வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று என் மனைவி அவள் அம்மாவைக் கேட்டு எத்தனை வருடம் இருக்கும்? போன் நினைவாற்றலைக் கெடுக்கிறது, கண்ணைக் கெடுக்கிறது என்று ஆயிரம் பேர் பேசியாயிற்று. எனக்கு என்னவோ அது எடுத்துக்கொண்டு போனது கேட்கிற பழக்கத்தைத்தான் என்று படுகிறது. நீங்கள் கடைசியாக முன்பின் தெரியாத ஒருவரிடம் எதையாவது கேட்டது எப்போது?

காரைக்கால் எக்ஸ்பிரஸ்

இவ்வளவையும் போனில்தானே டைப் அடித்தீர்கள் 😀

மஞ்சை மைதானம்

ஆபீஸ் கம்ப்யூட்டரில். மேனேஜர் மதியத் தூக்கத்தில் இருக்கிறார்.

பலாச்சுளை

பண்ருட்டிக்காரன். தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலை அடித்தது, எங்கள் பக்கம் பலா, முந்திரி ஒன்று நிற்கவில்லை, அப்பா தோப்புக்குள் போய்விட்டு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. கரண்ட் கம்பம் எல்லாம் மடங்கிக் கிடந்தது, எங்கள் ஊருக்குக் கரண்ட் வர இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. பக்கத்திலேயே நெய்வேலி, ஊருக்கெல்லாம் கரண்ட் அங்கிருந்து போகிறது, நாங்கள் மெழுகுவத்தி. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவர் ஒரு போனுக்குப் பத்து ரூபாய் என்று சார்ஜ் போட்டுக் கொடுத்தார். ஒரு பலகையில் முப்பது நாற்பது போன் வரிசையாகக் கிடக்கும், பெரும்பாலும் எல்லாம் ஒரே பட்டன் மாடல், எது யாருடையது என்று கண்டுபிடிக்க நூல் கட்டி வைப்போம். சார்ஜ் ஏறுகிறவரை இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தத் தோப்பில் எத்தனை மரம் போச்சு, நிவாரணத்துக்கு எந்த பேப்பர் கேட்கிறார்கள், யார் வீட்டில் அரிசி இல்லை, எல்லாம் அந்தப் பலகை பக்கத்தில்தான் பேசினோம். போனில் பேசியது ஐந்து நிமிடம் இருக்கும்.

வீராம்பட்டினம் மகள்

மஞ்சை அண்ணா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்குக் கோபம் வருகிறது, சொல்லிவிடுகிறேன்.

லாஸ்பேட்டையில் மதியம் ஒன்றரை மணிக்கு ஆள் இல்லாத தெருவில் நின்று நீங்கள் மூன்று பேரைக் கேட்டீர்கள். நான் கேட்டிருக்க முடியுமா? எனக்கு 19 வயதில் சென்னையில் ஒரு பரீட்சை எழுதப் போனபோது கோயம்பேட்டில் ஒரு ஆளிடம் பஸ் கேட்டேன், அந்த ஆள் வழி காட்டுகிறேன் என்று கூடவே நடந்து வர ஆரம்பித்துவிட்டான். பூக்கடை அக்கா ஒருத்தியிடம் போய் ஒட்டிக்கொண்டு நின்றுதான் தப்பித்தேன். அதற்கப்புறம் நான் யாரையும் கேட்பதில்லை, தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தப்பான பஸ்ஸில் ஏறினாலும் ஏறுவேனே தவிர. இப்போது மேப் இருக்கிறது, நான் எந்த ஊரிலும் தலை நிமிர்ந்து நடக்கிறேன்.

எஸ்டிடி பூத்தை மறந்துவிட்டீர்கள். கண்ணாடிக் கதவுக்குள் நின்று பேசினால் பூத்காரருக்கு யாருக்குப் போட்டேன், எத்தனை நிமிடம் என்று பில்லே வரும். என் பில் எனக்கு முன்னால் என் அண்ணன் கைக்குப் போனது. இஸ்திரி வண்டிக்காரர் உங்களை விசாரித்தது அன்பு. அதே கேள்வியை அதே ஆள் என்னைக் கேட்டால்? யாரைப் பார்க்கணும், எங்கேருந்து வர்றே, எதுக்கு வர்றே. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் வேறு.

மஞ்சை மைதானம்

நியாயம்தாம்மா. எனக்குத் தோன்றவே இல்லை. பூக்கடை அக்காவிடம் போய் நின்றேன் என்கிறீர்களே, அதுவும் ஒரு கேட்பதுதான் என்று சொல்ல வாய் வருகிறது, சொன்னால் அடிப்பீர்கள்.

வீராம்பட்டினம் மகள்

அடிப்பேன். அவளை நான் ஒன்றும் கேட்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தாள், "வாடி இங்க, உன்னையத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்" என்று சத்தமாகக் கூப்பிட்டாள். அவ்வளவுதான்.

ஓய்வு தபால்

நான் தபால் துறையில் 36 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் 'கேட்கிற பழக்கம்' பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு, நீளமாகிவிட்டால் மன்னிக்கவும்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. "சார் கொஞ்சம் எழுதிக் கொடுங்க." மணியார்டர் பாரத்தில் அடியில் சேதி எழுத ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதற்குள் ஒரு குடும்பத்தையே அடைக்க வேண்டும். "பணம் 300 அனுப்பியிருக்கிறேன், பள்ளிக்கூடத்துக்குக் கட்டவும், மாட்டை விற்க வேண்டாம்." வெளிநாட்டில் இருக்கும் புருஷனுக்கு இன்லேண்ட் செல்லாது என்று ஏரோகிராம் வாங்கிக்கொண்டு வந்து ஒரு பெண் நிற்பாள். அவள் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்ல முடியாது, சொல்லாமலும் இருக்க முடியாது. கடைசியில் "நீங்களே பார்த்து எழுதுங்க சார்" என்பாள். அந்நியன் ஒருவன் அவள் புருஷனுக்கு என்ன பார்த்து எழுதுவது? "இங்கு அனைவரும் நலம்" என்று எழுதுவேன். எத்தனையோ வீட்டில் அனைவரும் நலமாக இல்லை என்று எனக்கே தெரியும்.

தந்தி வந்தால் இன்னும் மோசம். படிக்கத் தெரியாத வீட்டில் சாவுச் செய்தியைத் தபால்காரனே படித்துச் சொல்ல வேண்டும். 2013 ஜூலையில் தந்தி நின்றபோது பத்திரிகைகளில் எல்லாம் ஏக்கத்தோடு எழுதினார்கள், கடைசித் தந்தி கொடுக்க இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். எனக்கு ஏக்கம் ஒன்றும் வரவில்லை.

இப்போது எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார், எழுபது எழுபத்தைந்து இருக்கும், எழுத்து தெரியாது. துபாயில் இருக்கும் பேரனுக்கு மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு திட்டுகிறார். என்ன திட்டு! தெருவுக்கே கேட்கும், அது வேறு விஷயம், ஆனால் இடையில் நான் இல்லை. கேட்காமல் வாழ முடிகிற வாழ்க்கை உங்களுக்குப் புதுசு இல்லை, படித்தவர்களுக்கு எப்போதும் அது இருந்தது. அந்தப் பாட்டி மாதிரி ஆட்களுக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

மஞ்சை மைதானம்

சார், இதைப் படித்துவிட்டு முதல் பதிவையே எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் லாஸ்பேட்டை வேப்பமரத்தை விட மனசு வரவில்லை.

மேல்வீட்டு தம்பி

எனக்கு வயது 24. வீட்டில் இருந்து ஐடி வேலை. இங்கே இருப்பவர்களில் நான்தான் சின்னவன் என்று நினைக்கிறேன். உண்மையைச் சொன்னால், முன்பின் தெரியாதவரை ஒன்று கேட்க வேண்டும் என்றாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். ஹோட்டலில் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்பதற்கு எதிரில் இருப்பவனைத்தான் கேட்கச் சொல்வேன். ஆட்டோ பேரம் பேச வேண்டாம், வீட்டு அடையாளம் சொல்ல வேண்டாம், எல்லாம் ஆப்பில் முடிந்துவிடுகிறது, இதைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கோயில் கட்டலாம் என்று இருந்தவன் நான்.

ஃபெஞ்சல் வந்த அன்று, 2024 நவம்பர் 30 ராத்திரி, பாண்டிக்குப் பக்கத்தில்தான் கரை ஏறியது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டிய மழை. நான் கிருஷ்ணா நகரில் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தேன். வழக்கமாகத் தண்ணீர் நிற்கிற பகுதிதான் என்பது வீடு பார்க்கும்போது எனக்குத் தெரியாது. ஆன்லைனில் போட்டோ பார்த்து எடுத்த வீடு, அக்கம்பக்கம் யாரையும் விசாரிக்கவில்லை. (மஞ்சை சார், இதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.) விடியற்காலை நாலு மணிக்குக் கட்டில் கால் நனைந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. போனில் பதினெட்டு சதவீதம் இருந்தது, அதை வைத்து டார்ச் அடித்துக்கொண்டு லேப்டாப் பையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றேன். மாடிக் கதவைத் தட்ட வேண்டும். எப்படித் தட்டுவது, என்ன சொல்வது, "ஸாரி ஆன்ட்டி டிஸ்டர்ப் பண்றேன்" என்று ஆரம்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே முழங்கால் தண்ணீரில் பத்து நிமிடம் நின்றிருக்கிறேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நான் தட்டவில்லை. அவர்களே இறங்கி வந்தார்கள். இரண்டு ராத்திரி அவர்கள் வீட்டு ஹாலில் படுத்தேன். எங்கள் பகுதிக்கு ராணுவம் படகோடு வந்தது, அதை மாடியில் இருந்து பார்த்தோம். அங்கே குடியிருந்த ஒன்றரை வருடத்தில் அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, போனில் 'மேல்வீடு மோட்டார்' என்று சேமித்து வைத்திருந்தேன், மோட்டார் போடச் சொல்லி மெசேஜ் மட்டும் அனுப்புவதால். அவர்கள் என்னை 'கீழ்வீடு பார்சல்' என்று வைத்திருந்தார்கள், தினமும் ஏதாவது டெலிவரி வருமாம். அதைப் பார்த்துத்தான் முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தோம். இப்போது வேறு வீட்டில், முதல் மாடியில் இருக்கிறேன். பெயரைப் பாருங்கள்.

வீராம்பட்டினம் மகள்

புயல் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். தவளக்குப்பம் பக்கத்தில் நல்லவாடு என்று ஒரு மீனவர் ஊர் இருக்கிறது, கடலூர் பஸ்ஸில் போகிற உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2004 சுனாமி அன்று அந்த ஊரில் 3,000க்கும் மேற்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் வீராம்பட்டினத்திலும் நல்லவாட்டிலும் தகவல் மையம் நடத்தியது. இன்டர்நெட்டில் அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று எடுத்து, கடற்கரையில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து எடுப்பார்கள் என்று கேட்டபோது எங்கள் தாத்தாவுக்கு நம்பிக்கையே இல்லை. பனைமரத்தையும் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கடலில் இடம் கண்டுபிடிக்கிறவர் அவர், வீசுவது வாடைக் காற்றா கச்சான் காற்றா என்று மூக்கில் சொல்வார். அவன் ஊர் கடலுக்கும் நம்ம கடலுக்கும் என்ன சம்பந்தம் என்பார்.

நல்லவாட்டுக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் டிவியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். ஊரில் ஏற்கெனவே தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்திருந்தது. மையத்துக் கதவை உடைத்து உள்ளே போய், அதே ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். வீடு போனது, படகு போனது, ஆட்கள் தப்பித்தார்கள்.

ஒலிபெருக்கியில் சொன்னால் எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழுகிறது, கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் பக்கத்தில் இருப்பவனும் கேட்டான் என்று தெரியும். ஃபெஞ்சலுக்கு அப்புறம் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் தண்ணீர் வந்தபோது எங்கள் குடும்ப குரூப்பில் மட்டும் இருபது வீடியோ வந்தது. அதில் பாதி எந்த வருடத்து வெள்ளமோ, எந்த மாநிலமோ. ஒவ்வொருத்தரும் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தோம். கடலூரில் இருக்கும் அத்தை வீட்டுக்குத் தண்ணீர் வருமா வராதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

அண்ணா பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கேட்பதில் எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. சொல்வதில் இருக்கிறது.

காரைக்கால் எக்ஸ்பிரஸ்

சிரிக்கலாம் என்று வந்தேன், அழ வைக்கிறீர்கள். சரி நானும் ஒன்று. ஆல்பேட்டை செக்போஸ்டில் மட்டும் இன்னும் கேட்கிறார்கள், "பையில் என்ன இருக்கு?" என்று. பாண்டியில் இருந்து கடலூர் போகிற ஒவ்வொரு டிபன் கேரியர் மேலும் அவர்களுக்கு அந்த அக்கறை உண்டு.

ஓ.டி. பாய்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மகன்தான் இந்த இழையைக் காட்டினான். கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், மளிகைக் கடை, எங்க வாப்பா காலத்துக் கடை. டைப் அடிக்க நேரம் ஆகும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று சொன்ன ராத்திரி வரைக்கும் என் கடையில் எல்லாம் ரொக்கம், இல்லாவிட்டால் நோட்டு. நோட்டு என்றால் கணக்கு நோட்டு. நாற்பது வீட்டுக்குப் பக்கம் இருந்தது. இப்போது ஆறு வீடு. கல்லாவில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கிற வம்பும் போச்சு, அதில் எனக்குச் சந்தோஷம்தான், ஒரு கிழவர் சேர்த்து வைத்த மிட்டாயைக் கொண்டுவந்து இதுக்கு சோப்பு கொடு என்று சண்டை போட்டிருக்கிறார்.

தம்பி மஞ்சை கேட்கிற பழக்கம் போச்சு என்று எழுதியிருக்கிறார். கடன் கேட்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். பெரியவர்கள் வர மாட்டார்கள், பிள்ளையை அனுப்புவார்கள். "அம்மா நாளைக்குத் தர்றேன்னு சொன்னாங்க." அந்தப் பிள்ளை கடைக்கு வரும்போதே தரையைப் பார்த்துக்கொண்டுதான் வரும். கடையில் கூட்டமாக இருந்தால் எல்லோரும் போகிறவரை ஓரமாக நிற்கும். நானும் சில நாள் எரிந்து விழுந்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைகள் எல்லாம் இப்போது பெரியவர்கள், சிலர் என்னைப் பார்த்தால் சலாம் சொல்வார்கள், சிலர் பார்க்காத மாதிரி போவார்கள். ஆகையால் கேட்பது போனதில் நல்லது இருக்கிறது. தபால் சார் சொன்னது சரி.

ஆனால் இப்போது ஒன்று பார்க்கிறேன். மாதக் கடைசியில் வருவார்கள். அரிசி, எண்ணெய், பருப்பு எல்லாம் எடுத்து மேசையில் வைப்பார்கள். போனை எடுத்து ஸ்கேன் செய்வார்கள். அப்புறம் திரையைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். "பாய், சர்வர் டவுன் போல." சரி அப்புறம் கொடுங்க என்று நான் சொல்வதற்குள், "வீட்டுக்குப் போயி ரொக்கம் எடுத்துட்டு வர்றேன்" என்று எல்லாவற்றையும் மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வர மாட்டார்கள். அடுத்து வருகிறவர் அதே நிமிஷத்தில் ஸ்கேன் செய்வார், என் சவுண்ட் பாக்ஸ் நூற்றிருபது ரூபாய் பெறப்பட்டது என்று கத்தும். சர்வருக்கு ஒன்றும் இல்லை.

முன்னால் கேட்டார்கள், நான் கொடுத்தேன், இல்லை என்று சொன்னேன், ஏதோ ஒன்று நடந்தது. இப்போது கேட்பதே இல்லை, அரிசி இல்லாமல் போகிறார்கள். கேட்காதவர்களுக்கு நான் எப்படிக் கொடுப்பது? கொடுத்தால் பணம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக ஆகிவிடும்.

மஞ்சை மைதானம்

பாய், இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 500 ரூபாய் கையில் இருந்ததால் என்னைத் தப்பித்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை ராத்திரி என் தெரு டீக்கடையில் நானே "போன் ஆத்துல விழுந்துடுச்சு" என்று யாரும் கேட்காமலே கதை சொன்னேன். வங்கிப் பணம் சட்டைப் பையில் இருக்கும்போதே. பணம் இல்லாதவன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று.

ஓய்வு தபால்

பாய், "வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்" என்று பையனிடம் கொடுத்தனுப்பிப் பார்க்கலாமே.

ஓ.டி. பாய்

தெருவே பார்க்கும் சார்.

வீராம்பட்டினம் மகள்

பாய், பூக்கடை அக்கா செய்த மாதிரி செய்யுங்கள். நீங்கள் முதலில் பொய் சொல்லுங்கள்.

மேல்வீட்டு தம்பி

அக்கா சொல்வது புரிகிறது. சர்வர் டவுன் என்று அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

(நான்கு நாள் கழித்து)

ஓ.டி. பாய்

சொன்ன மாதிரி செய்து பார்த்தேன். வியாழக்கிழமை ராத்திரி ஒரு அம்மா வந்தார்கள், அஞ்சு கிலோ அரிசி, அரை லிட்டர் எண்ணெய், பால்பவுடர். போனை எடுத்ததும் நானே, "அத உள்ள வைம்மா, காலையிலேருந்து நம்ம பெட்டியே வேலை செய்யல, யார்கிட்டயும் வாங்க முடியல, நோட்டுல எழுதி வச்சுக்கறேன்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் நின்ற பையன் பிஸ்கட்டுக்கு ஸ்கேன் செய்துவிட்டான். இருபது ரூபாய் பெறப்பட்டது என்று கத்தியது சனியன் பிடித்த பெட்டி.

மஞ்சை மைதானம்

ஐயோ. அப்புறம்? எடுத்துக்கொண்டு போனார்களா?

ஓ.டி. பாய்

அந்தம்மா பெட்டியைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "இப்பதான் சரியாச்சு போல பாய்" என்றாங்க. "ஆமாம்மா, ஆனா உங்களுது எழுதிட்டேன், இனிமே அடிச்சா கணக்கு குழம்பும்" என்றேன். பையைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. அஞ்சாம் தேதி வந்து கொடுத்தாங்க, ரொக்கமா.